குற்றமும் காரணமும்

வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்து உடைந்தால் முதலில் எழுகின்ற வினா, "யார் உடைத்தது?" என்பதாகும். "எப்படி உடைந்தது?" என்னும் வினா அதற்குப் பின்னரே வருகின்றது, பல வீடுகளில் அது வருவதே இல்லை. உடைத்தவர் இன்னார் எனத் தெரிந்தவுடன் ஒரு வசைமொழியோடு வீடு அமைதி அடைந்துவிடுகின்றது. பாத்திரம் பலகையின் விளிம்பில் வைக்கப்பட்டிருந்ததா, தரையில் நீர் சிந்தியிருந்ததா, ஒரு சிறுவன் தூக்கத்தக்க எடைதானா அது என்பவற்றை ஆராயும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. மறுவாரம் அதே விளிம்பில் இன்னொரு பாத்திரம் ஏறி அமர்ந்துகொள்கின்றது.

இச்சிறு வழக்கத்தினுள் ஒரு பெரிய அறவினா அடங்கியிருக்கின்றது. குற்றம் செய்தவரைக் கண்டறிதலும் காரணத்தைக் கண்டறிதலும் ஒரே செயல்தானா? இரண்டும் வேறு எனின், எது முதலில் நிகழ வேண்டும்? ஒன்றை முந்தவிட்டால் மற்றொன்று மறைந்துபோகுமா? உடைந்தது பாத்திரமாக இருக்கும்வரை இவ்வினாக்களைத் தள்ளிவைக்கலாம். உடைந்தது ஒரு விமானமாகவும், அதனுள் இருந்தவை உயிர்களாகவும் இருக்கும்போது தள்ளிவைக்க இயலாது.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் பிற்பகலில், லங்காவியிலிருந்து சுபாங் நோக்கிப் பறந்து வந்த ஒரு சிறு ஜெட் விமானம், தரையிறங்குவதற்குச் சில மணித்துளிகளே இருந்த நிலையில், எல்மினா நகர்ப்பகுதியை ஒட்டிய சாலையில் வீழ்ந்து எரிந்தது. விமானத்தில் பயணிகள் அறுவரும் விமானிகள் இருவரும் இருந்தனர். எண்மரும் மாண்டனர். சாலையில் தம் வழியே சென்றுகொண்டிருந்த வாகனமோட்டிகள் இருவரும் அவர்களோடு மாண்டனர். தரையிறங்குவதற்கு இசைவு தரப்பட்டிருந்தது. விமானத்திலிருந்து அபாயக் குரல் எதுவும் எழவில்லை.

அடுத்த ஆண்டில் வெளியான மலேசிய வான் விபத்துப் புலனாய்வுப் பிரிவின் இறுதி அறிக்கை காரணத்தை எடுத்துரைத்தது. விமானம் தரையைத் தொட்டபின் அதன் ஏற்றவிசையைக் குலைத்து, சக்கரங்கள் நிலத்தில் அழுந்தி நிற்கும்படி செய்வதற்காக இறக்கைகளின் மேற்புறத்தில் சில தகடுகள் அமைக்கப்பட்டிருந்தன. அவை தரைக்கு உரியவை. வானத்திற்கு உரியவை அல்ல. தரையிறங்கு முன் செய்ய வேண்டிய சரிபார்ப்புப் பணிகளின்போது, விமானியறையில் நேர்ந்த கைத்தவறினால் அத்தகடுகள் வானத்திலேயே விரிந்தன. இறக்கை தன் ஏற்றவிசையை இழந்தது. பறவையின் சிறகைப் பறக்கும்போதே மடக்கியதற்கு ஒப்பான நிலை அது. மீட்டெடுக்கும் உயரமும் நேரமும் அங்கே இல்லை.

இவ்வறிக்கையைப் படிக்கின்ற ஒருவர் இரண்டு வகையாக அதனை மூடிவைக்கலாம். "விமானியின் தவறு" என்று சொல்லி மூடிவைப்பது ஒரு வகை. அவ்வாறு மூடிவைப்பவருக்கு ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. "பறக்கும்போது ஒருபோதும் இயங்கக் கூடாத ஒரு கருவி, பறக்கும்போதும் இயங்கக்கூடியதாக இருந்தது எவ்வாறு?" என்று கேட்டு மீண்டும் திறந்து படிப்பது மற்றொரு வகை. அவ்வாறு கேட்பவருக்கு ஆராய்ச்சி அப்போதுதான் தொடங்குகின்றது.

காரணம் என்பது ஒன்றே ஒன்று என்னும் எண்ணம் தமிழ்ச் சிந்தனைக்குப் புறம்பானது. சைவ சித்தாந்தம் பயின்றோர் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என்னும் மூவகைக் காரணங்களை அறிவர். குடம் ஒன்று உருவாவதற்கு மண் முதற்காரணம். சக்கரமும் தண்டும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். இவற்றுள் ஒன்று குறையினும் குடம் இல்லை. உலகத்தின் தோற்றத்தை விளக்குவதற்கு எழுந்த இப்பகுப்பு, உலகத்தில் நேர்கின்ற அழிவுகளை விளங்கிக்கொள்ளவும் உதவுகின்றது.

ஒரு விபத்திலே தவறிய கை நிமித்த காரணம். அக்கைக்கு அகப்பட்ட கருவி, அதன் அமைப்பு, கொடுக்கப்பட்ட பயிற்சி, வகுக்கப்பட்ட ஒழுங்குமுறை ஆகியவை துணைக்காரணம். அப்படியாயின், மண் எது? மறதியும் சோர்வும் அவசரமும் கவனச் சிதறலும் உடைய மனித இயல்பே அந்த மண். எல்லாத் தவறுகளும் அம்மண்ணினால் வனையப்பட்டவையே. தவறு செய்தவரைத் தண்டித்து வேறொருவரை அவ்விடத்தில் அமர்த்தினால், குயவன் மாறுகின்றான், மண் மாறுவதில்லை. புதிதாக வந்தவரும் மறதியும் சோர்வும் உடைய மனிதரே. மனித முயற்சியால் உறுதியாக மாற்றத்தக்கது சக்கரம் ஒன்றுதான். ஆனால் துன்பம் நேர்ந்தபோதெல்லாம் மனிதரின் கண் குயவனிடத்திலேயே நின்றுவிடுகின்றது.

இதற்கு வரலாற்றில் ஒரு தெளிவான சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விந்தையான விபத்து மீண்டும் மீண்டும் நேர்ந்தது. போர்க்களத்தைக் கடந்து, நலமாகத் திரும்பி, ஓடுபாதையில் செம்மையாக இறங்கிய விமானங்கள், இறங்கிய பின்னர்ச் சக்கரங்கள் மடங்கி வயிற்றால் தரையில் தேய்ந்து சிதைந்தன. விமானிகள் இறக்கை மடல்களை உள்ளிழுப்பதாக எண்ணிக்கொண்டு சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டனர். ஒவ்வொரு முறையும் "விமானியின் தவறு" என்றே எழுதப்பட்டது. 1943ஆம் ஆண்டு இதனை ஆராய வந்த அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்னும் இளம் உளவியலாளர், விமானிகளைக் குறைகூறாமல் விமானியறைக்குள் சென்று பார்த்தார். சக்கரத்திற்கு உரிய விசையும் மடலுக்கு உரிய விசையும் அருகருகே, ஒரே வடிவில் அமைந்திருந்தன. வேறு வகை விமானங்களில் அவ்விசைகள் அவ்வாறு அமையவில்லை. அவ்விமானங்களின் ஓட்டுநர்கள் அத்தவற்றைச் செய்யவும் இல்லை.

அவர் கண்ட தீர்வு மிக எளியது. சக்கரத்தின் விசைக்குச் சக்கர வடிவிலான ஒரு பிடியும், மடலின் விசைக்கு ஆப்பு வடிவிலான ஒரு பிடியும் பொருத்தச் செய்தார். இருளிலும் களைப்பிலும் கண்ணால் காணாமலேயே கை அவற்றைப் பிரித்தறிந்தது. அத்தகைய விபத்துகள் ஏறத்தாழ நின்றுபோயின. அதே மனிதர்கள், அதே களைப்பு, அதே போர். மண் மாறவில்லை, சக்கரம் மாறிற்று. அதுவரை அத்தவற்றுக்காகப் பழி சுமந்த விமானிகளின் எண்ணத்தில் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பது அறம் பயில்வோர்க்கு நன்று. தம்மைத் தாமே நொந்துகொண்டவர்கள் அவர்களுள் இருந்திருப்பர். விசைகளை அருகருகே வைத்து வரைந்தவரை யாரும் நொந்துகொண்டிருக்கமாட்டார்கள்.

ஆயினும் எல்லா விபத்துகளையும் விசையின் வடிவில் அடக்கிவிட இயலாது. எல்மினா என்னும் பெயரே அதற்குச் சான்று கூறுகின்றது. எல்மினா நகரமாவதற்கு முன்னர் இரப்பர்த் தோட்டமாக இருந்தது. 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், ஜப்பான் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஒன்று தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாகச் சுபாங் நோக்கி வந்தது. மழையும் மூட்டமும் பார்வையை மறைத்திருந்தன. ஓடுபாதைக்குச் சுமார் நான்கு மைல் தொலைவில், எல்மினாத் தோட்டத்துக் குன்றின்மீது அது மோதிற்று. அதிலிருந்த 79 பேரில் 34 பேர் மாண்டனர். 45 பேர் உயிர் தப்பினர்.

விமானத்தின் இயந்திரத்தில் பழுதில்லை. கருவிகள் இயங்கின. குறிப்பிட்ட தாழ்வெல்லைக்குக் கீழே, ஓடுபாதையைக் கண்ணால் கண்டாலன்றி இறங்கக் கூடாது என்னும் விதி தெளிவாக இருந்தது. காணவில்லை எனின் மேலெழும்பிச் சென்று மீண்டும் முயல வேண்டும். தலைமை விமானி ஓடுபாதையைக் காணாமலேயே அவ்வெல்லையைக் கடந்து இறங்கினார். விசாரணை அதனையே காரணமாகக் கண்டது. அதனோடு இன்னொன்றையும் அது சுட்டிக்காட்டிற்று: அருகில் அமர்ந்திருந்த துணை விமானி, தலைமை விமானி விதியை மீறியபோது அதனைத் தடுத்துப் பேசவில்லை.

இங்குக் கருவியின் குறை இல்லை, கைத்தவறும் இல்லை. ஒருவரின் துணிச்சலும் மற்றொருவரின் மௌனமும் இருக்கின்றன. மௌனம் ஒரு காரணமாக முடியுமா? செய்யப்பட்ட செயலுக்கு விளைவு உண்டு; செய்யப்படாத செயலுக்கும், சொல்லப்படாத சொல்லுக்கும் விளைவு உண்டா? உண்டு என்பதை 34 உயிர்கள் உணர்த்தின.

மௌனத்தின் வேர் எளிதில் பிடுங்கத்தக்கது அன்று. அது மரியாதை என்னும் நல்ல நிலத்தில் வளர்ந்திருக்கின்றது. மூத்தவர் பேசும்போது இளையவர் குறுக்கிடலாகாது என்பது ஜப்பானியர்க்கு மட்டும் உரிய பண்பன்று, தமிழர்க்கும் உரியது. தோட்ட வாழ்க்கையோ அப்பண்போடு அச்சத்தையும் கலந்து ஊட்டியது. துரை, கிராணி, கங்காணி என்று படிப்படியாக அமைந்திருந்த அந்த உலகத்தில், கீழ்ப்படியில் நின்றவன் மேற்படியில் நின்றவனின் பிழையைக் கண்டாலும் காணாதவனாக இருக்கக் கற்றுக்கொண்டான். மழையில் வழுக்கும் மரப்பாலத்தின்மேல் பால் வாளியோடு நடந்து தடுக்கி விழுந்த தொழிலாளியின் கணக்கில் சிந்திய பாலின் இழப்பு எழுதப்பட்டது; பாலத்தின் வழுக்கல் எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. அதனைச் சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. சொல்வதற்கு இடம் இல்லை. மலாக்காவின் மஸ்ஜித் தானா வட்டாரத் தோட்டங்களிலும் சரி, சிலாங்கூரின் எல்மினாவிலும் சரி, இவ்வொழுங்கு ஒன்றே.

ஆயினும் தமிழ் மரபு மௌனத்தை மட்டும் கற்பித்தது என்று கூறுவது மரபுக்கு இழைக்கும் அநீதியாகும். இறைவனே புலவனாக வந்து நின்றபோதும் பாட்டின் பொருளில் குற்றம் கண்டு கூறிய நக்கீரரின் கதையை இம்மரபுதான் போற்றிவந்திருக்கின்றது. திருக்குறளின் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வள்ளுவர் இதனைவிட நுட்பமான ஓர் உண்மையை உரைக்கின்றார். இடித்துரைப்பவர் இல்லாத மன்னன், கெடுப்பவர் இல்லாமலேயே கெடுவான் என்பது அவர் கருத்து. எவ்வகை எதிரியும் தேவையில்லை. எச்சரிப்பவர் இன்மையே போதும். எல்மினாக் குன்றின்மேல் நிகழ்ந்தது இதுவே. இடித்துரைக்கும் கடமையை இளையவர்மீது மட்டும் சுமத்தி வள்ளுவர் நிறுத்தவில்லை என்பதையும் நோக்க வேண்டும். அத்தகையோரைத் தேடித் துணையாக்கிக்கொள்ளும் கடமையை அவர் மன்னனிடமே வைக்கின்றார். மௌனத்தைக் கலைக்க வேண்டியவர், மௌனத்தால் மதிக்கப்படுகின்றவரே.

அதே 1977ஆம் ஆண்டின் மார்ச்சு மாதத்தில் தெனெரீப் தீவில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டனர். அங்கும் விமானியறையில் ஐயம் ஒன்று எழுப்பப்பட்டு, மூத்தவரின் உறுதிமொழியால் அடங்கிப்போயிற்று. இத்தகைய பாடங்களின் பயனாக, விமானியறையில் இளையவர் தயங்காது பேசவும் மூத்தவர் செவிசாய்க்கவும் தனிப் பயிற்சி வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. 1979இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா அதற்கென ஒரு கருத்தரங்கை நடத்தியது. பின்னர் உலகின் விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அப்பயிற்சியை ஏற்றுக்கொண்டன. வள்ளுவர் மன்னனுக்குக் கூறியதை இருபதாம் நூற்றாண்டு விமானிக்குப் பாடமாக வைத்தது எனலாம்.

மௌனம் ஒரு காரணம் எனின், சொல்லும் ஒரு காரணமாகலாம். 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அதிகாலையில், சிங்கப்பூரிலிருந்து சுபாங் நோக்கி வந்த ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் பூச்சோங் அருகே ஒரு குன்றில் மோதி, அதிலிருந்த நால்வரும் மாண்டனர். தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் விமானத்தை 2400 அடிக்கு இறங்கும்படி ஆங்கிலத்தில் கூறினார். அவர் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக, 'டூ, ஃபோர், ஸீரோ, ஸீரோ' எனக் கூறினார். ஆங்கிலத்தில் 'டூ' என்னும் ஒலி 'இரண்டு' என்னும் பொருளையும் தரும். இன்ன அளவிற்கு என்னும் வேற்றுமைப் பொருளையும் தரும். விமானி அதனை '400 அடிக்கு இறங்குக' என்று விளங்கிக்கொண்டார். 400 என்றே திருப்பிச் சொன்னார். அத்திருப்புரையில் இருந்த பிழை திருத்தப்படவில்லை. குன்றின் உயரமோ 437 அடி. தரை நெருங்குகின்றது என்று எச்சரிக்கும் கருவி விமானியறையில் ஒலித்தது. அதற்கும் யாரும் செவிசாய்க்கவில்லை.

மொழி கற்பிப்போர்க்கு இந்நிகழ்ச்சி பிறரினும் ஆழமாகத் தைக்கும். ஓர் ஒலி, இரண்டு பொருள். இடையில் நான்கு உயிர்கள். இதில் குற்றம் யாருடையது? சொன்னவர் முறைப்படி 'ஆயிரம்', 'நூறு' என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். கேட்டவர், மலைகள் சூழ்ந்த இடத்தில் 400 அடி பொருந்துமா என்று வினவியிருக்கலாம். திருப்பிச் சொன்னதைக் கேட்டவர் திருத்தியிருக்கலாம். கருவி கூவியபோது மேலெழும்பியிருக்கலாம். நான்கு இடங்களில் விபத்து நின்றிருக்கக்கூடும், நான்கிலும் நிற்கவில்லை. இவற்றுள் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து "இதுவே காரணம்" என்று கூறுபவர், மற்ற மூன்றையும் அடுத்த விமானத்திற்காக விட்டுவைக்கின்றார்.

இக்கருத்திற்கு வலிய ஒரு மறுப்பு உண்டு. "எல்லாவற்றிற்கும் காரணம் காட்டிக்கொண்டே போனால் யாரும் குற்றவாளி அல்லர் என்று ஆகிவிடாதா? சாலையில் தன் பிழைப்பிற்காகச் சென்றுகொண்டிருந்தவன் வானத்திலிருந்து விழுந்த நெருப்பில் மாண்டான். அவனுடைய தாய்க்கு இறக்கைத் தகட்டின் இயக்கத்தை விளக்கினால் போதுமா?" இம்மறுப்பை எளிதாக ஒதுக்கிவிடுகின்றவர் அறத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர். இழந்தோர்க்கு நீதி கேட்கும் உரிமை உண்டு. காரணம் தேடுதல் என்பது பொறுப்பைக் கரைத்துவிடும் நீராக மாறிவிடக் கூடாது.

ஆனால் நீதி எத்தகையது என்பதை வேண்டுவார் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடியவன் அல்லன். ஒரு பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டு, குற்றவாளி அகப்பட்டான் என்று எண்ணி, ஆராயாமல் தண்டித்தான். சிலம்பு காணாமற்போனதன் காரணத்தை அவன் தேடவில்லை, குற்றவாளியைத் தேடினான், குற்றவாளி கிடைத்த மாத்திரத்தில் தேடுதல் நின்றது. கண்ணகி அவன் அவைக்கு வந்து இரக்கத்தை வேண்டவில்லை. சிலம்பை உடைத்துப் பார்க்குமாறு செய்தாள். உள்ளே இருப்பதைக் காட்டிற்று அவள் நீதி. ஆராய்ச்சியே அவள் கேட்ட நீதி எனலாம். இழந்தோரின் பெயரால் அவசரத் தண்டனை கேட்பவர்கள், தாம் கண்ணகியின் பக்கம் நிற்பதாக எண்ணிக்கொண்டு பாண்டியனின் பக்கம் நிற்கின்றனர்.

இவ்விரு தேவைகளையும் கலந்து குழப்பாமலிருக்க, அனைத்துலகச் சிவில் வான் போக்குவரத்து நிறுவனம் வழி வகுத்தது. விமான விபத்துகளைப் பற்றிய அதன் பதின்மூன்றாம் இணைப்பின்படி, விபத்துப் புலனாய்வின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதாகும். பழியையோ பொறுப்பையோ பங்கிடுவது அப்புலனாய்வின் வேலை அன்று. பழியை ஆராய நீதிமன்றம் இருக்கின்றது. அது தன் வழியே நடக்கலாம். இரண்டும் ஒரே அறையில் நடந்தால், உண்மை பேச வேண்டியவர் வாய் திறக்கமாட்டார். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் விமானிகள் தம் தவறுகளைத் தாமே அறிவிப்பதற்கான ஒரு முறை ஏற்படுத்தப்பட்டது. அறிவிப்பவரின் பெயர் காக்கப்பட்டது. வேண்டுமென்றே செய்யாத மீறல்களுக்கு ஓரளவு தண்டனை விலக்கும் தரப்பட்டது. அதன்பின் அறிவிப்புகள் பெருகின. விபத்தாக முற்றாத எண்ணற்ற சிறு தவறுகள் வெளிச்சத்திற்கு வந்தன. அச்சம் மறைத்து வைத்திருந்ததை நம்பிக்கை வெளியே கொணர்ந்தது.

இதன் பொருள் எல்லாத் தவறுகளும் ஒரே நிறை என்பதன்று. கைத்தவறு வேறு, தெரிந்தே விதியை மீறுதல் வேறு, வஞ்சனை வேறு. முதலாவதற்கு வேண்டியது திருத்தம். இரண்டாவதற்கு வேண்டியது கண்டிப்பு. மூன்றாவதற்கு உரியது தண்டனை. இம்மூன்றையும் ஒரே தராசில் இடுகின்ற சமுதாயத்தில் கைத்தவறு செய்தவனும் வஞ்சகனைப்போல் ஒளிந்துகொள்வான்.

இவ்வுண்மை விமானியறையைவிட வகுப்பறைக்கு மிகப் பொருந்தும். ஒரு மாணவன் லகர ளகர ழகரங்களைப் பிழையாக எழுதினால் அஃது அவனுடைய பிழையாக இருக்கலாம். முப்பது ஏடுகளில் அதே பிழை அதே சொல்லில் காணப்பட்டால் அது முப்பது பேரின் பிழையன்று. சப்பானிஸ் விமானியறைக்குள் சென்றதுபோல ஆசிரியர் தம் பாடத்திற்குள் சென்று பார்க்க வேண்டும். விளக்கம் எங்கே தெளிவின்றி நின்றது, எந்த இரண்டு விசைகள் அருகருகே ஒரே வடிவில் வைக்கப்பட்டன என்று தேட வேண்டும். பிழைக்குப் பிரம்பு விழும் என்று அறிந்த மாணவன் பிழையை நீக்குவதற்கு முன் ஏட்டை மறைக்கக் கற்றுக்கொள்கின்றான். கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய சொல்லில் ஓர் எழுத்துத் தவறு இருப்பதைக் கண்டும் வாய் மூடியிருக்கும் பிள்ளையை அடக்கமுள்ளவன் என்று பாராட்டுகின்ற பள்ளி, எதிர்காலத்தின் துணை விமானியை உருவாக்கிக்கொண்டிருக்கின்றது. மலாக்காவின் பத்து பெரண்டாமில் இளைஞர்கள் விமானம் ஓட்டப் பயின்றிருக்கின்றனர். அத்தகைய பயிற்சிக்குச் செல்லும் ஒருவர், "ஐயா, இது தவறு" என்று மூத்தவரிடம் பணிவோடும் துணிவோடும் கூறும் பழக்கத்தை அங்கே சென்றுதான் முதன்முறை கற்க வேண்டும் எனின், பள்ளி அவருக்குக் கற்பித்தது யாது?

இறுதியாக ஒரு வினா எஞ்சி நிற்கின்றது: குற்றம் என்பது முழுமையாக யாரிடம் போய்ச் சேர்கின்றது? சுபாங்கின் வரலாறு இதற்கு விடை கூறத்தக்கது. 1977இல் ஒரு விமானம் ஓடுபாதையைக் காணாமல் தாழ்ந்து இறங்கி மோதிற்று. 1983ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் மலேசிய விமான நிறுவனத்தின் ஏர்பஸ் விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து வந்து, அதே சுபாங் ஓடுபாதையை எட்டுவதற்குச் சுமார் 2 கிலோமீட்டர் முன்பே தாழ்ந்து விழுந்தது. அதிலிருந்த 247 பேரும் உயிர் பிழைத்தது பெரும் பேறு. 1989இல் மூன்றாவது விமானம் குன்றில் மோதிற்று. 12 ஆண்டுகளில் ஒரே விமான நிலையத்தை நாடி வந்த மூன்று விமானங்கள், ஓடுபாதைக்கு முன்பே நிலத்தைச் சந்தித்தன. ஒவ்வொன்றிலும் விமானி வேறு, நாடு வேறு, நிறுவனம் வேறு. தனி மனிதரின் குற்றமே முழுக் காரணம் எனின், அது இவ்வாறு மூன்று முறை வடிவெடுத்து வந்திருக்குமா? நிலத்தின் மேடு பள்ளங்களை முன்னதாகவே அறிந்து எச்சரிக்கும் கருவிகள் 1990களில் விமானங்களில் இடம்பெறத் தொடங்கிய பின்னர், உலகெங்கும் இத்தகைய மோதல்கள் மேலும் குறைந்தன. விமானிகள் அதற்குள் தெய்வங்களாகிவிடவில்லை. சக்கரம் மாறிற்று.

ஆகவே, குற்றத்தின் எடை அறிவோடு சேர்ந்து வளர்கின்றது என்று கொள்வதே முறை. அறியாமல் தவறியவரின் சுமை சிறிது. அறிந்தும் மீறியவரின் சுமை அதனினும் பெரிது. ஒரு தவற்றின் காரணம் எழுத்தில் வெளியாகி, யாவரும் படித்த பின்னரும், அதனை மாற்றும் அதிகாரம் இருந்தும் மாற்றாது வாளாவிருப்பவரின் சுமையே எல்லாவற்றினும் பெரிது. முதல் விபத்திற்குக் காரணம் பல இருக்கலாம். அதே விபத்து இரண்டாம் முறை நேரும்போது, முதல் முறை கற்றுக்கொள்ளாமையும் அக்காரணங்களுள் ஒன்றாகிவிடுகின்றது. அக்காரணத்திற்குக் குற்றம் என்று பெயரிடுவதில் தயக்கம் வேண்டுவதில்லை.

மாண்டவர்க்கு வாழ்பவர் செலுத்தத்தக்க கடன் இரண்டு. அவர்கள் மாண்டது எதனால் என்பதை ஒளிவின்றி அறிதல் ஒன்று. அதே காரணத்தால் இன்னொருவர் மாளாதவாறு காத்தல் மற்றொன்று. எல்மினாத் தோட்டத்தில் 1977இல் மாண்டவர்களுக்கும், அத்தோட்டம் நகரமான பின் 2023இல் அங்கே மாண்டவர்களுக்கும் இக்கடன் ஒன்றே. ஒருவரைச் சுட்டிக் காட்டும் விரலால் அக்கடன் தீர்வதில்லை; மீண்டும் திறந்து படிக்கப்படுகின்ற அறிக்கையாலும், தயங்காமல் எழுப்பப்படுகின்ற ஒரு சொல்லாலும், அச்சொல்லைச் சினவாமல் கேட்கின்ற செவியாலும் அது சிறிது சிறிதாகத் தீர்கின்றது.